ரப்பர் உறை

மகிழுந்தின் முன்சக்கரத்துக்குப் பின்னால், குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணில் படாத இடத்தில், கையகலமே உள்ள கறுப்பு ரப்பர் உறை ஒன்று இருக்கிறது. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும், நடுப்பகுதி கொல்லன் துருத்தியைப்போல மடிப்பு மடிப்பாகவும் அமைந்திருக்கும். பட்டறைக்காரர்கள் அதனைப் 'பூட்' என்பார்கள். நான் உறை என்றே எழுதுகிறேன். தமிழாசிரியன் என்பதால் வலிந்து சொல்லை மாற்றுகிறேன் என்று வாசகர் எண்ண வேண்டா. வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, கிணற்றுக்கு உறை என்று, உள்ளிருப்பதைக் காத்து நிற்கும் பொருளுக்கெல்லாம் நம்மிடம் அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அவ்வாறே டிரைவ் ஷாஃப்ட் என்பதைச் சுழல்தண்டு என்றும், ஜாயின்ட் என்பதை மூட்டு என்றும் இங்கே குறிப்பேன். கையால் வேலை செய்வோர் மூட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் புரிந்துகொள்கிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த உறை எதைக் காக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிகளில் இயந்திரம் முன்னால் இருக்கும். அதன் ஆற்றல் நீண்ட தண்டு வழியாகப் பின்சக்கரங்களைச் சென்றடையும். முன்சக்கரங்களுக்குத் திரும்புவது ஒன்றே வேலை. முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும் அமைப்பு வந்தபோது சிக்கல் தொடங்கிற்று. இழுக்கும் சக்கரமே திரும்பவும் வேண்டும். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். அப்படியானால் அதனைச் சுழற்றும் தண்டு, சுழன்றுகொண்டே வளையவும் வேண்டும். குறுக்குச் சிலுவை போன்ற ஓர் இணைப்பை 17-ஆம் நூற்றாண்டிலேயே இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் அவ்விணைப்பில் ஒரு குறை உண்டு. தண்டு வளைந்த நிலையில் ஒருபக்கம் சீராகச் சுழன்றாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுழலும். வளைவு 40 பாகை என்று கொண்டால், அந்த ஏற்ற இறக்கம் ஒருபுறம் கால்பங்கை நெருங்கும். மறுபுறம் 30 விழுக்காட்டைத் தாண்டும். அத்தகைய சக்கரத்தைக் கொண்டு முனையில் திரும்பினால், சுக்கான் ஓட்டுநரின் கையிலேயே துள்ளும்.

இதற்கு நல்ல தீர்வு 1920-களில் அமெரிக்காவில் பிறந்தது. ஆல்ஃபிரட் ர்செப்பா என்னும் பொறியாளர், கிண்ணம் போன்ற ஓர் உறுப்புக்குள் ஆறு எஃகுக் குண்டுகளை வைத்தார். கிண்ணத்தின் உட்புறத்திலும், அதற்குள் பொருந்தும் உருளையின் வெளிப்புறத்திலும் குண்டுகள் ஓடுவதற்கு வளைந்த பள்ளங்களைச் செதுக்கினார். ஆறு சாளரங்கள் உடைய கூண்டு ஒன்று அந்தக் குண்டுகளைப் பிடித்து நிறுத்துகிறது. தண்டு எந்தக் கோணத்தில் வளைந்தாலும், குண்டுகள் ஆறும் அக்கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். அதனால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். 1959-இல் பிரிட்டனில் வெளிவந்த மினி என்னும் சிறு வண்டி இந்த வகை மூட்டினைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. நம் நாட்டில் 1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வந்த பிறகு, முன்சக்கரம் இழுக்கும் வண்டி தாமான்தோறும் பெருகிவிட்டது. ஆசிரியர்களாகிய நம்மில் பெரும்பாலோர் அன்றாடம் இந்த ஆறு குண்டுகளின் தயவில்தான் பள்ளிக்குச் செல்கிறோம்.

குண்டுகள் உலோகத்தோடு உலோகமாக உரசுபவை. ஆகவே அவை கெட்டியான கறுப்புக் கிரீஸில் மூழ்கியிருக்க வேண்டும். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் பொருள் கலந்திருப்பதால் அதற்கு அந்தக் கருநிறம். கிரீஸ் வெளியே போகாமலும், நீரும் மணலும் உள்ளே வராமலும் காத்து நிற்பதுதான் உறையின் பணி. உறை கிழிந்தால் சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வீசியடிக்கப்படும். பிறகு மணல் புகும். மணலும் மிச்சமிருக்கும் கிரீஸும் கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும். அது பள்ளங்களைத் தின்னும். சுக்கானை முழுவதும் திருப்பி வண்டியை நகர்த்தும்போது 'டக் டக்' என்று ஓர் ஒலி கேட்கத் தொடங்கினால், மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு உறையை மாற்றிப் பயனில்லை.

என் வண்டி 2004-ஆம் ஆண்டில் இந்நாட்டில் செய்யப்பட்ட சிறிய மகிழுந்து. அதன் இடப்பக்க முன்சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்ததை ஒரு புதன்கிழமை மாலையில் கண்டேன். சக்கரத்தைத் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தபோது, உறையின் மூன்றாம் மடிப்பு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஒலி ஏதும் இன்னும் எழவில்லை.

இதில் ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்கலாம். நான் பணியாற்றும் பள்ளி, தாப்பாவிலிருந்து பீடோர் செல்லும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது. முன்பு பால்மரத் தோட்டமாக இருந்து பின்னர் செம்பனைக்கு மாறிய நிலம் அது. மாணவர் 19 பேர். அவர்களில் நால்வர், 7 கிலோமீட்டர் உள்ளே, செம்மண் சாலையின் முடிவில் இருக்கும் பழைய குடியிருப்பிலிருந்து வருகிறார்கள். முன்பு ஒரு வேன் இருந்தது. நான்கு பிள்ளைகளின் கட்டணத்தில் எண்ணெய்ச் செலவுகூடக் கட்டவில்லை என்று அதன் ஓட்டுநர் நிறுத்திக்கொண்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அன்றிலிருந்து அந்த நால்வரும் என் வண்டியில்தான் வருகிறார்கள். குடியிருப்புக்கு அருகிலேயே, நடந்து போகும் தொலைவில், வேறு பள்ளி ஒன்று இருக்கிறது. பெற்றோர் அங்கே மாற்றிவிட்டால் அவர்களையும் குறைசொல்ல முடியாது. ஆனால் 19-இல் நான்கு போனால் 15. அந்தக் கழித்தல் கணக்கு எங்கள் தலைமையாசிரியருக்கும் எனக்கும் மனப்பாடம். அந்தச் செம்மண் சாலையோ, கிழிந்த உறைக்கு எமன். வெயிலில் தூசி, மழையில் சேறு.

பட்டறை ஒன்றில் காட்டினேன். இரண்டு பக்கமும் சுழல்தண்டையே முழுமையாக மாற்ற வேண்டும் என்றார்கள். 480 வெள்ளி. வண்டியை இரண்டு வேலைநாள் விட்டுச் செல்ல வேண்டும். உறையை மட்டும் மாற்ற இயலாதா என்று கேட்டதற்கு, "இப்ப யாரும் அப்படிச் செய்யறதில்ல" என்று பதில் வந்தது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. உறை மாற்றுவதற்குத் தண்டைக் கழற்றி, பிரித்து, கழுவி, மீண்டும் பூட்ட வேண்டும். அத்தனை நேரத்துக்கும் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகஞ்சுளிப்பார். முழுத் தண்டை மாற்றினால் அரைநாளில் வேலை முடியும்; பொறுப்பும் குறைவு. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் எஃகுத் தண்டை, ஒரு ரப்பர்த் துண்டு கிழிந்தமைக்காகக் குப்பையில் எறிவதை என் மனம் ஏற்கவில்லை. இரண்டு நாள் வண்டி இல்லாமல் இருப்பதை அதைவிடவும் ஏற்கவில்லை.

நால்வரில் ஒருத்தி ஆறாம் ஆண்டு மாணவி. அவளுடைய தாத்தா, தோட்டப் பட்டறையில் முப்பது ஆண்டுக்கு மேல் டிராக்டரும் லாரியும் பழுதுபார்த்தவர். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிடும்போது அவரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் தரையில் அமர்ந்து, தலையைச் சாய்த்துச் சக்கரத்தின் பின்புறத்தைப் பார்த்தார்.

"சத்தம் கேக்குதா, வாத்தியாரையா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப உயிர் இருக்கு. நாளைக்கு வர்றேன். சாமான் மட்டும் வாங்கி வைங்க."

சாமான் என்று அவர் சொன்னது உறை இரண்டு, அவற்றோடு வரும் கிரீஸ் பொட்டலங்கள், இறுக்கும் பட்டைகள், அச்சுக்குப் புதிய நட்டு, கியர்பெட்டிக்கான எண்ணெய். எல்லாம் சேர்ந்து 100 வெள்ளிக்குள் அடங்கின. கிழிந்தது ஒன்றாயிருக்க, உறை இரண்டு எதற்கு என்று நானும் கேட்டேன். அதற்கான விடை மறுநாள் கிடைத்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் வேலையாக, அச்சின் நடு நட்டைத் தளர்த்த வேண்டும். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே அதனைச் செய்ய வேண்டும். தூக்கியபின் முயன்றால் வண்டி ஆடி விழக்கூடும். நட்டின் விளிம்பை அச்சின் காடிக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள். அந்த மடிப்பை உளியால் நிமிர்த்தினார். என் மனைவி உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, ஸ்பேனரின் கைப்பிடியில் நான்கடி இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி, இருவரும் சேர்ந்து அழுத்தினோம். இருபது ஆண்டுத் துரு எளிதில் வழிவிடவில்லை. எண்ணெய் விட்டோம், தேநீர் குடித்தோம், மறுபடியும் அழுத்தினோம். துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஒலியுடன் அது அசைந்தது. என் மனைவி மிதித்த காலை எடுக்காமலே முருகா என்றாள்.

பிறகு ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கினோம். இங்கே மாணவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதனை மட்டும் நம்பி வண்டியின் அடியில் உடம்பை நுழைப்பவன் தன் உயிரை ஓர் எண்ணெய் வளையத்திடம் ஒப்படைக்கிறான். பெரியவர் தாங்கி வைத்த பின்னரும், கழற்றிய சக்கரத்தை வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்கவைத்தார். தாங்கி சரிந்தாலும் வண்டி சக்கரத்தின்மேல் விழுமேயன்றி ஆளின்மேல் விழாது.

அடுத்த பகுதி விரைவாகவே நடந்தது. கியர்பெட்டி எண்ணெயை வடித்தோம். சக்கரத்தைத் தாங்கும் அதிர்வுத் தூணின் இரண்டு திருகாணிகள் இருந்த நிலையை வெள்ளைச் சாயத்தால் குறித்துக்கொண்டு கழற்றினோம். அவ்வாறு குறிக்காவிட்டால் பூட்டும்போது சக்கரத்தின் சாய்வு மாறிப்போகும். பிரேக் குழாய் இழுபடாதபடி அதன் பிடியையும் விடுவித்து, அச்சின் முனையை மரச்சுத்தியால் தட்டித் தண்டைப் பிரித்தோம். உள்முனையை நெம்புகோலால் நெம்பியதும் முழுத்தண்டும் கைக்கு வந்தது. அதனைக் கிடத்துவதற்கு நாளிதழ் விரிக்கப் போனேன். பெரியவர் தடுத்து, தமிழ் இதழை ஒதுக்கிவிட்டு, ஆங்கில இதழைத் தேடியெடுத்து விரித்தார். தமிழெழுத்தின்மேல் கிரீஸ் படுவதை அவர் விரும்பவில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க.

உறை இரண்டு ஏன் என்பது இப்போது விளங்கிற்று. தண்டின் இரு முனைகளிலும் மூட்டு உண்டு. கிழிந்தது சக்கரத்தை ஒட்டிய வெளிமூட்டின் உறை. ஆனால் பல வண்டிகளில் அந்த வெளிமூட்டைத் தண்டிலிருந்து கழற்ற இயலாதபடி அமைத்திருக்கிறார்கள். என் வண்டியும் அவ்வகையினதே. ஆகவே உள்மூட்டைப் பிரித்து, அதன் நல்ல உறையை முதலில் உருவி எடுத்து, அவ்வழியாகத்தான் கிழிந்த உறை வெளியே வர வேண்டும். புதிய உறையும் அவ்வழியாகவே உள்ளே போக வேண்டும். அவ்வளவு தொலைவு பிரித்தபின் பழைய உள்ளுறையையே திரும்பப் போடுவது கருமித்தனம் என்பது பெரியவரின் முடிவு. உள்மூட்டில் மூன்று கைகளும், ஒவ்வொரு கையிலும் ஓர் உருளையும் இருந்தன. எது எப்படிப் பொருந்தியிருந்தது என்பதை அறிய, கிண்ணத்திலும் தண்டிலும் முக்கையிலும் புள்ளி அடையாளம் இட்டுவிட்டு, வளையத்தைக் கழற்றித் தட்டியெடுத்தார்.

இனி வெளிமூட்டு. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் அன்றைய கேள்வி. பள்ளங்களில் அரிப்பு விழுந்திருந்தால் வாங்கிய உறைகள் வீண். புதிய தண்டு வாங்க வேண்டும். உதிரிப்பொருள் கடைகளோ திங்கட்கிழமைதான் திறக்கும். திங்கட்கிழமை நான்கு நாற்காலிகள் வெறுமையாக இருக்கும். அடுத்த வாரம் தேர்வு வேறு.

பெரியவர் பழைய கிரீஸைத் துணியால் வழித்து, விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று பார்த்தார் என்பது எனக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைத் தகரத்திலிருந்த மண்ணெண்ணெயில் தோய்த்து, தூரிகையால் தேய்த்து, மறுபடியும் தோய்த்தார். நான்காம் முறை எண்ணெய் தெளிவாக வந்தது. துடைத்து, வெயிலில் பிடித்து, மூட்டை ஒருபக்கமாக முழுவதும் சாய்த்தார். கூண்டின் சாளரத்தில் ஓர் எஃகுக் குண்டு எழுந்து வந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணை மிக அருகில் கொண்டு சென்று பார்த்தார். பிறகு பள்ளத்தின்மேல் சுண்டுவிரல் நகத்தை ஓட்டினார்.

"ஒண்ணு" என்றாள் பேத்தி.

மறுபக்கம் சாய்த்தார். இரண்டு. மூன்று. மூன்றாவது பள்ளத்தில் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. பெரியவர் நகத்தை இருமுறை ஓட்டிவிட்டு, "இது குண்டு நடந்த தடம். நகம் மாட்டினாத்தான் பள்ளம். மாட்டல" என்றார். நான்கு. ஐந்து. ஆறு. ஆறாவதைப் பார்த்து முடித்துவிட்டுத் தண்டைக் கீழே வைத்தார்.

"மண்ணு உள்ள போகறதுக்கு முந்தி பார்த்துட்டீங்க."

அப்போதுதான் பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஆறு எதுக்கு? மூணு போதாதா?" பெரியவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் அவளுடைய ஒரு விரலால் அந்தத் தண்டைத் தூக்கச் சொன்னார். முடியவில்லை. இரண்டு விரலால் முயன்றாள். ஐந்து விரலாலும் தூக்கிவிட்டு, "சுமையைப் பங்கு போட்டுக்கிறதுக்கா?" என்றாள். ஆம் என்றார். ஒரு வகுப்பறையில் நான் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

புதிய உறையைத் தண்டில் ஏற்றும் முன், தண்டின் முனையிலுள்ள கூரிய பற்களின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றினார். இல்லையெனில் அந்தப் பற்களே புதிய உறையைக் கீறிவிடும். கிரீஸ் முழுவதையும் மூட்டுக்குள் விரலால் அழுத்தித் திணித்தார். மிச்சத்தை உறைக்குள் இட்டார். உறையின் குறுகிய வாய் தண்டிலுள்ள காடியில் சரியாக அமர்ந்ததும், விளிம்பைச் சிறிது நெம்பி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிவிட்டுப் பட்டையை இறுக்கினார். காற்று தங்கினால் உறை ஊதிக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ மடிப்புக் கெட்டு, மறுபடியும் கிழியும்.

வேலையின் நடுவே அவர் பழைய உறையைக் கையில் வைத்து நசுக்கி நசுக்கிப் பார்த்தார். "இது நம்ம பால்ல செஞ்சது இல்ல" என்றார். சிறுவயதில் தாயோடு நிரைக்குச் சென்று பால்மரம் வெட்டிய கை அது. கை சொன்னது சரியே. இயற்கை ரப்பருக்கு எண்ணெயும் கிரீஸும் ஆகா. ஊறிப் பருத்து, வலுவிழந்துவிடும். அதனால் இத்தகைய உறைகளுக்குப் பெரும்பாலும் குளோரோபிரீன் என்னும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதனை 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் சில, எங்கள் பேராக்கிலேயே, கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த மரத்தின் வழிவந்த காடுகளில்தான் எங்கள் முன்னோர் விடியற்காலை இருளில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் எடுத்த பால் உலகத்தின் டயர்களாயிற்று. இன்றும் கனரக லாரிகளின் டயர்களில் இயற்கை ரப்பருக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தச் சின்ன உறைக்கு மட்டும் அது ஏற்கவில்லை. இதைப் பெரியவரிடம் விளக்கியபோது அவர் சிரித்தார். "நாங்க வெட்டினது வெளியில ஓடுது. இது உள்ள நிக்குது" என்றார்.

பூட்டும் வேலை பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. வெள்ளைச் சாயக் குறிகளை ஒன்றோடொன்று பொருத்தினோம். கியர்பெட்டியில் எண்ணெயை நிரப்புதுளையின் விளிம்பு வரை ஊற்றினோம். சக்கரம் தரையில் ஊன்றிய பின்னரே அச்சின் புதிய நட்டை, கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்கி, விளிம்பைக் காடிக்குள் மடக்கினோம். அளவுகாட்டும் ஸ்பேனரைப் பக்கத்துத் தாமானில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். பெரியவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. தம் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்து, பிறகே அதனைப் பயன்படுத்த விட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. அதைப்பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பள்ளித் திடலுக்கு ஓட்டிச் சென்று, சுக்கானை இடக்கோடி வரை திருப்பி மெல்ல வட்டமடித்தேன். பிறகு வலக்கோடி. பெரியவர் இடப்பக்கச் சன்னல் வழியாகக் காதை வெளியே நீட்டியிருந்தார். புல் உரசும் ஒலி தவிர வேறெதுவும் இல்லை. கூலி என்று நான் எடுத்த தாளை அவர் வாங்கவில்லை. நான்கு மாதமாகத் தம் பேத்தியிடம் வாத்தியார் எண்ணெய்க் காசு வாங்கவில்லையே என்று திருப்பிக் கேட்டார்.

திங்கட்கிழமை நால்வரும் வந்தார்கள். அடுத்த வாரம் சக்கரத்தின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. வலப்பக்கத்து உறையையும் குனிந்து பார்த்தேன். அதுவும் அதே வயதினது. மடிப்பின் அடியில் நரம்பு போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. இன்னும் கிழியவில்லை. அதற்கான இரண்டு உறைகளை வாங்கி அலமாரியில், மாணவர் கட்டுரை ஏடுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. இம்முறை குண்டுகளைத் தானே கழுவுவேன் என்று பேத்தி இப்போதே சொல்லிவிட்டாள்.